தாத்தாவும் பேத்தியும் மழையில் வெளியே போகலாமா?

ஐப்பசி மழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் குறைந்துவிடும். தறிக்குழியில் தண்ணீர் ஊறும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட வழியிருக்காது. பள்ளிக்கும் விடுமுறை விட்டால் வீட்டில் மிஞ்சுவது வேலையில்லாத தாத்தாவும் அடங்காத பேத்தியும்தான். மழை சற்று விட்டதும் இருவரும் ஒரே குடையில் கிளம்பிவிடுவார்கள்.

கிளம்புவதில் தப்பே இல்லை. வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுற்று மண்டபத்தில் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாக நிற்கிறது. தலைக்கு மேல் கூரையும் உண்டு. கதை சொல்லத் தெரிந்த தாத்தாவுக்கு ஒரு பகல் போதாது. மருத்துவர்களுக்கு எரிச்சல் மூட்டுவது, திரும்பி வந்த பிறகு வீட்டில் நடப்பவைதான். காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகளோடு வீட்டார் வந்து உட்கார்ந்து, "எல்லாம் கொடுத்துப் பார்த்துட்டோம் டாக்டர்" என்கிறார்கள்.

நேற்று நனைந்தாள், இன்று காய்ச்சலா?

சளியும் காய்ச்சலும் கிருமிகளால் வருபவை. மழைத்துளியில் அவை இல்லை. ஜன்னலை அடைத்துக்கொண்டு பத்துப் பேர் இருமும் அறையில் இருக்கின்றன. ஆஸ்துமா உள்ள தாத்தாவுக்குக் குளிர்காற்றில் இழுப்பு வரலாம் என்பது மெய். அதற்காகப் பேத்தியைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. வீடு வந்ததும் தலை துவட்டி, உடை மாற்றினால் போதும்.

நனைந்ததன் மேல் பழி போடுவதால் உண்மையான காரணம் தப்பித்துவிடுகிறது. எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீர், காலில் உள்ள வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவர ஐந்து முதல் பதினான்கு நாள் வரை ஆகும். புல், புதர் ஓரத்துச் சின்னஞ்சிறு பூச்சி கடித்து வரும் உண்ணிக்காய்ச்சல் தலைகாட்ட ஆறு முதல் இருபத்தொரு நாள் பிடிக்கும். அதற்குள் காகிதக் கப்பல் விட்ட குட்டையை எல்லோரும் மறந்திருப்பார்கள். டாக்டர் கேட்டால், "எங்கேயும் போகலையே" என்பதே பதில். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பு போன இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உண்ணிக்காய்ச்சலுக்கு ஓர் அடையாளம் உண்டு. அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் என மறைவான இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு ஒன்று இருக்கலாம். வலிக்காது, தேடினால்தான் கிடைக்கும். எல்லோருக்கும் வருவதுமில்லை. இந்தக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் கேட்கும். மெடிக்கலில் "காய்ச்சலுக்கு" என்று வாங்கும் அமாக்சிசிலின் கேட்காது. தீவிரமான நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுகிறது என்று 2023-இல் காட்டியதே வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு. பக்கத்து ஊரில் இவ்வளவு நடந்திருக்க, நாம் இன்னும் பழைய அட்டையைக் கிழித்துக்கொண்டிருக்கிறோம்.

பரணில் இருக்கும் சிரப்

போன வருடம் அண்ணனுக்கு வாங்கிய இருமல் சிரப்பை இந்த வருடம் தங்கைக்கு ஊற்றும் பழக்கம் வேறு. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சிரப், இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு அதில் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை சொன்னது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசு அப்போது அறிவுறுத்தியது. சாதாரணச் சளி, மருந்து இல்லாமலே போகும்.

கைவைத்தியம் என்றாலே நல்லது என்ற நினைப்பையும் விட வேண்டும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைத்து வெந்த தோலோடு வரும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அந்தப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றவே மாட்டார்கள். சுக்கும் மிளகும் வேண்டுமென்றால் சூடாகக் கோயில் இட்லி வாங்கிக் கொடுங்கள், ருசியாகவாவது இருக்கும்.

டெங்குவில் பப்பாளி இலைச்சாறு தட்டணுவை ஏற்றுகிறதா என்ற விவாதமே வேண்டாம். ஆபத்து, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதில் இருக்கிறது. பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் அது ஆரம்பிக்கும். "காய்ச்சல் விட்டுருச்சு" என்று நிம்மதியாகும் அதே நாளில் வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு இருந்தால் ஓடி வர வேண்டும். உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் தொடவே கூடாது. பாராசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில்.

டெங்குவா, எலிக்காய்ச்சலா, உண்ணிக்காய்ச்சலா என்று அறிய எந்தப் பரிசோதனை, எந்த நாளில் என்பதை மருத்துவர் சொல்வார்.

தாத்தாவின் கால்

பேத்தியைக் கவனிக்கும் அவசரத்தில் தாத்தாவை யாரும் பார்ப்பதில்லை. பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்திருக்கும். கோயிலில் வெறுங்காலோடு ஈரக் கல்லில் நடந்தால் முள் ஏறியதுகூடத் தெரியாது. விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு மருதாணியும் சுண்ணாம்பும் அப்பி, கால் வீங்கிய பிறகு வருகிறார்கள். அப்போது விரலைக் காப்பாற்றுவதே பாடாகிவிடுகிறது.

வழுக்கி விழுந்தால் இன்னொரு கதை. ஒரு கையில் குடை, மறு கையில் பேத்தி. பிடித்துக்கொள்ளக் கை இல்லை. இடுப்பெலும்பு முறிந்தால் கூடுமானவரை இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை நடப்பது நல்லது. இங்கே முதல் யோசனை புத்தூர் கட்டு. அந்த எலும்பைக் கட்டுப் போட்டு நிறுத்த முடியாது. படுக்கையில் கிடந்து நுரையீரலில் சளி கட்டி, முதுகில் புண் வந்தபின் ஆம்புலன்ஸ் தேடுகிறார்கள்.

தயவுசெய்து...

போய் வாருங்கள். தேங்கிய தண்ணீரை மட்டும் தாண்டிப் போங்கள். குளப்படிப் பாசியில் இறங்க வேண்டாம். பிள்ளைக்கு மழைக்கோட்டு போட்டுவிட்டால் பெரியவருக்கு ஒரு கை மிச்சமாகும். வீடு திரும்பியதும் இருவரும் சோப்பு போட்டுக் கால் கழுவி, விரலிடுக்கைத் துடையுங்கள். தாத்தாவின் உள்ளங்காலைப் பேத்தி பார்க்கட்டும், அவள் கண்ணுக்குத்தான் தெரியும்.

காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால், மருத்துவர்கள் கெஞ்சிக் கேட்கிறார்கள், மெடிக்கலைக் கடந்து மருத்துவமனைக்கு வாருங்கள். இரவில் சந்தேகம் என்றால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம். மூச்சுத்திணறல், வலிப்பு, ரத்தக்கசிவு என்றால் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.