மறுக்கப்பட்ட கதவும் உலகச் சந்தையும்: மைசூரு யோகக் கூடங்களில் மகளிர்

புது தில்லி: உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் யோகப் பயிற்சி மையங்களுக்கும் விதிக்கப்பட்டு வந்த சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது என்ற நிபந்தனையுடன் வந்த இந்த மாற்றம், பெரிய ஜிம்களுக்கு மட்டுமின்றி, ஒரு மாடி அறையில் பத்திருபது பேருக்குப் பயிற்சி தரும் சிறு கூடங்களுக்கும் பொருந்தும்.

இத்தகைய சிறு கூடங்கள் பெருமளவில் பெண்களை நம்பியே நடக்கின்றன. பயில வருவோரிலும் கற்பிப்போரிலும் பெண்கள் கணிசமானோர். உலக அளவில் இத்தொழிலைத் தொடங்கி வைத்தோரிலும் பெண்களே முன்நிற்கின்றனர். 1959-இல் லண்டனில் நடனப் பயிற்சியை உடற்பயிற்சியாக மாற்றிச் சிறு கூடம் தொடங்கிய லோட்டே பெர்க், 2006-இல் நியூயார்க்கில் 'சோல்சைக்கிள்' மிதிவண்டிப் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கிய மூன்று பெண்கள் ஆகியோரை இதற்குச் சான்றாகக் கூறலாம். ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னதாகவே, மைசூருவிலிருந்து புறப்பட்ட ஒரு பெண் அமெரிக்காவில் யோகக் கூடம் திறந்துவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

அரண்மனை யோகசாலை

மைசூரு மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1930-களில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடைபெற்றது. அதன் ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் பயின்றவர்களே. யோகசாலையில் பயின்றோர் பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களுமே.

லாட்வியாவின் ரிகா நகரில் 1899-இல் பிறந்து, இந்தியாவுக்கு வந்து ஊமைப்படத்திலும் நடித்த யூஜீனியா பீட்டர்சன் என்ற பெண், 1930-களின் பிற்பகுதியில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகம் கற்க விரும்பினார். அயல்நாட்டவர், அதிலும் பெண் என்பதால் ஆசிரியர் முதலில் மறுத்துவிட்டார். மன்னர் தலையிட்ட பிறகே அவர் சேர்த்துக் கொள்ளப்பட்டார். உணவிலும் நேரத்திலும் கடும் கட்டுப்பாடுகளை அவர் தளராமல் கடைப்பிடிக்கக் கண்ட ஆசிரியர், பிறருக்குக் கற்பிக்குமாறு அவரையே பணித்தார்.

இந்திரா தேவி என்ற பெயரில் அறியப்பட்ட அவர், 1939-இல் சீனாவின் ஷாங்காய் நகரில் வகுப்புகள் நடத்தினார். 1947-இல் அமெரிக்காவின் ஹாலிவுட்டில் யோகக் கூடம் தொடங்கினார். நடிகை குளோரியா ஸ்வான்சன் உள்ளிட்ட திரைக் கலைஞர்கள் அவரிடம் பயின்றனர். துறவிகளின் சாதனையாக மேலை நாட்டார் கருதி வந்த யோகம், இல்லத்தரசிகளும் அலுவலகம் செல்வோரும் கட்டணம் செலுத்திக் கற்கும் பயிற்சியாக மாறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2002-இல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில், 102-ஆம் வயதில் அவர் காலமானார்.

அரண்மனை யோகசாலை 1950-இல் மூடப்பட்டது. கிருஷ்ணமாச்சாரியார் 1952-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவர் பெயரால் 1976-இல் அவருடைய மகன் தேசிகாச்சார் தொடங்கிய யோக மந்திரம் சென்னையில் இயங்கி வருகிறது.

லட்சுமிபுரத்திலிருந்து கோகுலத்துக்கு

மைசூருவிலேயே தங்கிய பட்டாபி ஜோயிஸ், 1948-இல் லட்சுமிபுரத்தில் உள்ள தமது இல்லத்தில் அஷ்டாங்க யோக நிலையத்தைத் தொடங்கினார். ஏறத்தாழ பன்னிருவர் மட்டுமே ஒரே நேரத்தில் பயிலக்கூடிய சிறிய அறை அது. அங்குள்ள முறையில் எல்லோரும் ஒரே கட்டளைக்கு ஒரே ஆசனத்தைச் செய்வதில்லை. அவரவர் கற்ற வரிசையை அவரவர் மூச்சின் அளவில் செய்வர். ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் சென்று உடலைத் தொட்டுத் திருத்துவார். 'மைசூர் முறை' என்றே உலகெங்கும் இது அழைக்கப்படுகிறது. 2014-இல் நகரின் பெயர் மைசூரு என மாறிய பின்னரும் பயிற்சியின் பெயர் மாறவில்லை.

1960-களில் தொடங்கிய வெளிநாட்டு மாணவர் வருகை பின்னர் பெருகியது. 2002-இல் கோகுலம் பகுதியில் பெரிய கூடம் அமைக்கப்பட்டது. அதையொட்டி வீட்டு மாடி அறைகள் வாடகைக்குப் போயின. காலைச் சிற்றுண்டிச் சாலைகள், இளநீர்க் கடைகள், சம்ஸ்கிருத வகுப்புகள் எனத் தனியொரு பொருளாதாரமே அப்பகுதியில் உருவானது. விடியலுக்கு முன் தொடங்கும் பயிற்சியும், பௌர்ணமி, அமாவாசை நாள்களின் விடுமுறையும் அங்குள்ள கடைக்காரர்களுக்கும் பழகிப்போனவை.

அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, அந்நாட்டில் யோகம் பயில்வோர் 3.67 கோடி பேர் என்றும், அவர்களில் 72 சதவீதத்தினர் பெண்கள் என்றும் தெரிவித்தது. அவர்கள் ஆண்டுதோறும் இதற்குச் செலவிடும் தொகை 1,600 கோடி டாலர் என அது கணக்கிட்டது. மைசூரு அச்சந்தையின் மூல ஊர்களில் ஒன்று.

மகளின் இடம்

பட்டாபி ஜோயிஸின் மகள் சரஸ்வதி ஜோயிஸ் 1941-இல் பிறந்தவர். மைசூரு சம்ஸ்கிருதக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட முதல் பெண் என்றும், அந்நகரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றாக யோகம் கற்பித்த முதல் பெண் என்றும் குடும்ப நிறுவனத்தின் குறிப்புகள் கூறுகின்றன. பல பத்தாண்டுகள் அவர் கற்பித்து வந்தபோதிலும், நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பு அவருடைய மகன் ஷரத் ஜோயிஸிடமே சென்றது. உலகில் யார் இம்முறையைக் கற்பிக்கலாம் என்று அங்கீகாரம் வழங்கும் அதிகாரமும் அப்பொறுப்புடன் இணைந்திருந்தது. 2019-இல் ஷரத் தனி மையம் தொடங்கினார். 2024 நவம்பர் 11-ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 53-ஆம் வயதில் அவர் திடீரென மரணமடைந்தார்.

எழுந்த குற்றச்சாட்டு

பட்டாபி ஜோயிஸ் 2009-இல் மறைந்தார். ஆசனத்தைத் திருத்துவதாகக் கூறி அவர் தகாத முறையில் தொட்டதாக, அவரிடம் பயின்ற பெண்கள் பலர் 2017 முதல் பெயருடன் பொதுவெளியில் குற்றம் சாட்டினர். இக்குற்றச்சாட்டுகள் நீதிமன்ற விசாரணைக்கு உள்ளாகவில்லை. எனினும் 2019-இல் ஷரத் ஜோயிஸ், தம் பாட்டனாரின் முறையற்ற திருத்தங்களைத் தாமும் கண்டதாக ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்புக் கோரினார்.

பயில வருவோரில் பெண்கள் பெரும்பான்மையினர் ஆனபோதும், தொட்டுத் திருத்தும் உரிமையும் சான்றளிக்கும் அதிகாரமும் ஒருவரிடமே குவிந்திருந்ததால்தான் புகார் எழ இத்தனை காலம் ஆனது என்ற விமர்சனம் அப்போது எழுந்தது. ஆசிரியரைப் பகைத்தால் கற்பிக்கும் அங்கீகாரத்தையே இழக்க நேரிடும் என்ற அச்சமும் காரணமாகக் கூறப்பட்டது. இதன்பின் வெளிநாட்டுக் கூடங்கள் சிலவற்றில், 'தொடலாம்', 'தொட வேண்டாம்' என்பதைத் தெரிவிக்கும் அட்டையை விரிப்பின் அருகே வைக்கும் வழக்கம் வந்தது.

சட்டம் சொல்வது என்ன?

2024-இல் உத்தரப் பிரதேச மாநில மகளிர் ஆணையம், பெண்கள் பயிலும் ஜிம்களிலும் யோக மையங்களிலும் பெண் பயிற்சியாளர்கள் இருக்க வேண்டும் என்று யோசனை தெரிவித்தது. வேலை வாய்ப்பு என்ற அளவில் அது வரவேற்கத்தக்கது என்று ஒரு சாராரும், பிரித்து வைப்பது பாதுகாப்பு ஆகாது என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 முதலே நடைமுறையில் உள்ளது. தனியார் சேவை நிறுவனங்களையும் விளையாட்டுப் பயிற்சி இடங்களையும் அது பணியிடமாகவே கருதுகிறது. புகார் செய்யும் பெண் அங்கு ஊழியராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்து ஊழியர்களுக்குக் குறைவான இடங்களுக்கு, மாவட்டந்தோறும் அமைக்கப்படும் உள்ளூர்க் குழு புகாரைப் பெற வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம்.

சிறு கூடங்களில் பத்து ஊழியர்கள் இருப்பது அரிது. எனவே அங்கு பயிலும் பெண்ணுக்கு முதல் புகலிடம் இந்த உள்ளூர்க் குழுவே. ஆனால் கட்டணப் பட்டியலும் பயிற்சி நேரமும் எழுதப்பட்டுள்ள அறிவிப்புப் பலகையில் அக்குழுவின் முகவரியும் இடம்பெற்றால்தான், அப்படியொரு குழு இருப்பதே அவருக்குத் தெரியவரும். வரிச் சலுகைக்காகப் பதிவேடுகளைத் திருத்தி அமைக்கும் கூடங்கள் அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதுவதற்குச் செலவு ஏதுமில்லை.