குப்பையைக் குறைக்கும் சிறுவர்

குப்பை என்றவுடன் அதனை அள்ளிச் செல்லும் வண்டியையே பலர் நினைப்பர்; அவ்வண்டி சென்று சேரும் இடத்தை நினைப்போர் சிலரே. 2017 ஆம் ஆண்டு ஏப்ரில் 14 ஆம் நாள், நாடெங்கும் புத்தாண்டு கொண்டாடப்பட்ட வேளையில், கொழும்பின் அயலிலுள்ள மீதொட்டமுல்லையில் மலைபோற் குவிந்திருந்த குப்பை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய மேடுகள் ஒரே நாளில் எழுவன அல்ல. வீடு, கடை, பாடசாலை ஆகிய இடங்களிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்வன. ஆதலின், குப்பை பிறக்கும் இடத்திலேயே அதனைக் குறைத்தல் வேண்டும். இப்பணியில் ஆரம்பப் பாடசாலைச் சிறாருக்கும் பங்குண்டு.

முதற்படி, குப்பையை அறிந்துகொள்ளுதல். ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவாரம் சேரும் குப்பையை வகை பிரித்துத் தராசில் நிறுத்து, கரும்பலகையில் எழுதி வைத்தால் அதுவே நல்லதொரு கணக்குப் பாடமாகும். அடுத்த மாதம் மீண்டும் நிறுத்தால், குறைந்தது எது, குறையாதது எது என்பது தானே புலப்படும்.

முற்றத்துச் சருகும், பழத்தோலும், உணவு மிச்சமும் மண்ணுக்கு உரியவை. சருகை ஓர் அடுக்காகவும் பச்சைக் கழிவை ஓர் அடுக்காகவும் மாறிமாறி இட்டு ஈரம் காத்துவந்தால், கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்துக் கூட்டெருவாக்கும். அவற்றிற்குக் காற்றுத் தேவை. ஆகவே குவியலை இடையிடையே புரட்டிவிடுதல் வேண்டும். காற்றுப் புகாத குவியலே துர்நாற்றம் வீசும். சில மாதங்களில் எரு பாடசாலைத் தோட்டத்துக் கத்தரிக்கும் வெண்டிக்கும் பயன்படும்.

பொலித்தீன் இவ்வாறு மண்ணாவதில்லை. சோறு பொதியும் பொலித்தீன் தாள்களை 2017 செப்ரெம்பர் 1 முதல் அரசு தடைசெய்தது. சட்டத்தினும் வலியது பழக்கம். கழுவி மீண்டும் பயன்படுத்தத்தக்க உணவுப்பெட்டியையோ, வாழையிலையையோ கொண்டுவரும் பிள்ளை, பகலுணவின்பின் குப்பை எதனையும் விட்டுச்செல்வதில்லை. இலையும் எருக்குழிக்கே செல்லும்.

எறியப்பட்ட யோகட் கோப்பையும் சிரட்டையும் வேறோர் ஆபத்தையும் விளைவிப்பன. அவற்றில் தேங்கும் சிறிதளவு மழைநீரே டெங்கு நுளம்புக்குப் போதும். மீதொட்டமுல்லை சரிந்த அதே ஆண்டில், இலங்கையில் டெங்கு நோயாளரென அறிவிக்கப்பட்டோர் தொகை 180,000 இற்கும் மேற்பட்டது. முட்டையானது நுளம்பாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை செல்லும். ஆகையால், வாரந்தோறும் வளவைச் சுற்றிப்பார்த்து இத்தகைய கலங்களை அகற்றினால் அச்சுழற்சி அறுபடும். நீரை ஊற்றிவிடுதல் மட்டும் போதாது. கலத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். வைத்துக்கொள்ளும் கலங்களைத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது.

உடைந்த கண்ணாடி, பழைய மின்கலம் ஆகியவற்றைச் சிறுவர் தொடலாகாது. அவை ஆசிரியர் பொறுப்பு. ஏனையவை சிறுகைகளுக்கு ஏற்ற பணிகளே. பாடசாலையிற் பயின்ற இவ்வழக்கத்தைப் பிள்ளைகள் வீட்டிற்கும் கொண்டுசெல்வர். அப்போது பெற்றோர் அவர்களைத் தடுக்காது துணைநிற்பாராயின், மேடாக வளரவேண்டிய குப்பையிற் பெரும்பகுதி வாசலைக் கடவாமலே நின்றுவிடும்.