சுகர் டெஸ்ட் ஸ்ட்ரிப்புக்குப் பின்னால் ஒரு 'சாண்ட்விச்'! ஃபெரோசீன் என்றால் என்ன?

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுபவராக இருந்தாலும் சரி, பூ வியாபாரியாக இருந்தாலும் சரி, சுகர் இருந்தால் வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துக்கொள்வது இப்போது சகஜம். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்களும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஒரு சொட்டு ரத்தம், சில நொடிகள், திரையில் அளவு வந்துவிடும். லேபில் மட்டுமே பார்த்த டெஸ்ட் கைக்குள் வந்தது எப்படி? அதில் ஓர் ஆரஞ்சு நிறப் பொடிக்குப் பெரிய பங்கு உண்டு.

அது என்ன சாண்ட்விச்?

பெயர் ஃபெரோசீன். தலா 5 கார்பன் அணுக்கள் கொண்ட இரண்டு வளையங்கள், நடுவில் ஓர் இரும்பு அணு. இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே மசாலா வைத்த மாதிரி. அதனால்தான் 'சாண்ட்விச் சேர்மம்' என்ற பெயர்.

1951-ல் அமெரிக்காவில் கீலி, பாசன் இருவரும் வேறொரு பொருளைத் தயாரிக்கப் போய் இது கிடைத்தது. இதன் உண்மையான அமைப்பு 1952-ல்தான் புரிந்தது. சாண்ட்விச் சேர்மங்கள் குறித்த ஆய்வுக்காக ஜெர்மனியின் ஃபிஷருக்கும் பிரிட்டனின் வில்கின்சனுக்கும் 1973-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சுகர் டெஸ்ட்டில் என்ன வேலை?

ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி, ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸிடமிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கும். ஆனால் அதை மின்முனை வரை கொண்டு போய்ச் சேர்க்க நொதியால் முடியாது. நடுவில் ஆள் வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் சவாரி அடிக்கும் ஆட்டோ மாதிரிதான் ஃபெரோசீன். நொதியிடம் எலெக்ட்ரானை வாங்கும், மின்முனையில் இறக்கிவிடும், திரும்பப் போகும். எத்தனை முறை போய் வந்தாலும் சாண்ட்விச் சிதையாது. குளுக்கோஸ் கூடினால் சவாரி கூடும், மின்னோட்டமும் கூடும். அதைத்தான் மீட்டர் எண்ணாகக் காட்டுகிறது.

இந்த முறையை பிரிட்டன் விஞ்ஞானிகள் 1984-ல் வெளியிட்டார்கள். 1987-ல் பேனா வடிவ மீட்டர் விற்பனைக்கு வந்தது. இன்றைய ஸ்ட்ரிப்புகள் பலவற்றில் வேறு வேதிப்பொருட்கள் இருக்கின்றன. ஆனால் வேலை அதே 'ஆட்டோ' வேலைதான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

* ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போடாதீங்க. ஈரம் பட்டால் உள்ளே இருக்கும் நொதியும் வேதிப்பொருளும் கெடும், அளவு தப்பும்.

* காலாவதி தேதி முடிந்த ஸ்ட்ரிப் வேண்டாம்.

* பழம் உரித்த கையோடு டெஸ்ட் பண்ணாதீங்க. விரலில் ஒட்டிய சர்க்கரையையும் ஸ்ட்ரிப் சேர்த்தே எண்ணும். கையைக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே குத்த வேண்டும்.

தப்பான அளவைப் பார்த்து மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டினால் சுகர் திடீரென இறங்கி, மயக்கம் வரை போகலாம். எண் சந்தேகமாக இருந்தால் கை கழுவி, புது ஸ்ட்ரிப்பில் இன்னொரு முறை பாருங்கள். மருந்தின் அளவை மாற்றுவதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.