செம்புக் கம்பியின் தோலை ஒளியே உரிக்கும், தெரியுமா?

பழைய மின்விசிறியையோ மோட்டாரையோ பிரித்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே சுருள் சுருளாகப் பளபளக்கும் கம்பி கண்ணில் நிற்கும். அதை வெறும் செம்பு என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்தப் பளபளப்பு செம்பினுடையது மட்டும் இல்லை, தெரியுமா? கம்பியின் உடல் முழுவதும் ஒட்டிக் கிடக்கும் எனாமல் பூச்சும் சேர்ந்ததுதான் அது! அந்த மெல்லிய தோல் மட்டும் இல்லாவிட்டால், பக்கத்துச் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். மின்சாரம் சுற்றிவர வேண்டிய வேலையே இல்லாமல் குறுக்கே பாய்ந்துவிடும், காந்தம் பிறக்காது, விசிறி சுழலாது.

பூச்சின் பருமன் பெரும்பாலும் தலைமுடியின் பருமனில் பாதிகூட வராது. ஆனால் அதை ஒரே தடவையில் பூசுவதில்லை. கம்பி எனாமல் குளியலில் நனைந்து, சூளைக்குள் போய்ச் சுட்டு இறுகி, மறுபடி நனைந்து மறுபடி சுடப்பட்டு, இப்படிப் பத்துத் தடவைக்கு மேலேயும் போய்வருகிறது! உயர் ரகப் பூச்சு 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் 20,000 மணி நேரம் தாக்குப்பிடிக்கும் கணக்கில் தரம் பிரிக்கப்படுகிறது. வளைத்தாலும் இழுத்தாலும் விரிசல் விடக்கூடாது, எண்ணெயில் ஊறினாலும் கரையக்கூடாது.

இவ்வளவு பாடுபட்டு ஒட்டவைத்ததைக் கம்பியின் நுனியில் மட்டும், சில மில்லிமீட்டர் நீளத்துக்கு, மிச்சம் மீதி இல்லாமல் எடுத்தே ஆகவேண்டும். நுனி இன்னொன்றோடு சேராமல் மின்சாரம் உள்ளே எப்படி வரும்? அறுந்த இயர்போன் வயரை வீட்டிலேயே பற்றவைக்கப் பார்த்து, ஈயம் உருண்டு உருண்டு ஓடுவதைக் கண்டு திகைத்தவர்கள் உண்டு. உள்ளே சிவப்பும் பச்சையுமாகத் தெரியும் அந்த நூலிழைக் கம்பிகளின் நிறமே இன்சுலேஷன்தான்! அதைப் பொசுக்கியோ சுரண்டியோ நீக்காமல் ஈயம் பிடிக்காது.

இன்சுலேஷன் இல்லாத காலம் எப்படி இருந்தது தெரியுமா? இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் 1820களில் செய்த மின்காந்தத்தில் கம்பி வெறுங்கம்பி. அதனால் சுற்றுகளைத் தள்ளித் தள்ளித்தான் சுற்ற முடிந்தது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே தன் புகழ்பெற்ற இரும்பு வளையத்தில் சுற்றுகளைப் பிரிக்கக் கயிற்றையும் பருத்தித் துணியையும் வைத்தார். அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி கம்பிக்கே பட்டுத் துணி சுற்றினார். இப்போது சுற்றை ஒட்டிச் சுற்று, அடுக்கின் மேல் அடுக்கு என்று நெருக்கிக் கட்டலாம்! அதே 1831-ல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கும் மேல் தூக்கியது. அன்றைக்குத் துணியை விரலாலேயே பிரித்து எடுத்திருப்பார்கள். எனாமல் வந்த பிறகுதான் உரிப்பதே ஒரு தனிக் கலையாயிற்று.

காயில் கட்டும் கடைகளில் கத்தியால் சுரண்டுவார்கள், உப்புத்தாளால் தேய்ப்பார்கள். பருமனான கம்பிக்கு அது போதும். மெல்லிய கம்பியில்தான் ஆபத்து. கத்தி செம்பில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பை விட்டாலும், அதிர்வு வரும்போதெல்லாம் அழுத்தம் முழுவதும் அந்த ஒரே இடத்தில் குவிகிறது. கம்பி இன்றைக்கு அறுவதில்லை. மாதங்கள் கழித்து, ஓடிக்கொண்டிருக்கும்போது அறுகிறது! தரையில் என்றால் பிரித்துச் சரிசெய்யலாம். விண்கலத்தில்?

இந்தக் கவலைதான் லேசரைக் கொண்டுவந்தது. 1970களில் ஸ்பேஸ் ஷட்டில் திட்டத்துக்காக, மெல்லிய கம்பிகளைக் கத்தி படாமல் உரிக்க நாசா லேசர் முறையை உருவாக்கியது. இதில் என்னை உண்மையிலேயே வாய்பிளக்க வைப்பது லேசரின் கூர்மை அல்ல, செம்பின் குணம். கரியமில வாயு லேசரின் ஒளி 10.6 மைக்ரான் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாதது. பிளாஸ்டிக்கும் எனாமலும் அதை ஆவலோடு உறிஞ்சி, சூடேறி, ஆவியாகிப் போய்விடுகின்றன. செம்போ அதே ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது! தோல் தீர்ந்த இடத்தில் வேலை தானாகவே நின்றுபோகிறது. எங்கே நிறுத்துவது என்று யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை. கம்பியே சொல்லிவிடுகிறது.

அப்படியானால் முழுச் சுத்தமா? இல்லை, அங்கேயும் ஒரு அதிசயம் ஒளிந்திருக்கிறது. செம்பை ஒட்டிய கடைசிப் படலம், ஒரு மைக்ரானுக்கும் குறைவானது, பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். செம்பு வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்வதால் அந்தப் படலம் ஆவியாகும் அளவுக்குச் சூடேறுவதே இல்லை. அதை எடுக்க வேறு ஒளி வேண்டும். ஒரு மைக்ரான் அலைநீளமுள்ள ஃபைபர் லேசரின் துடிப்புகளில் ஒரு பகுதி எனாமலை ஊடுருவிச் செம்பின் மேற்பரப்பில் போய் விழுகிறது. அங்கே பிறக்கும் சூடு பூச்சை அடியிலிருந்து பெயர்த்து எறிகிறது! ஒரு லேசர் மேலிருந்து உரிக்கிறது, இன்னொன்று கீழிருந்து கிளப்புகிறது.

மின்சார கார்களில் இந்த லேசர் உரிப்புக்கு எவ்வளவு வேலை தெரியுமா? இப்போதைய கார் மோட்டார்கள் பலவற்றில் உருண்டைக் கம்பி கிடையாது. பட்டையான செம்புக் கட்டையைக் கொண்டை ஊசி மாதிரி வளைத்து ஸ்டேட்டர் என்ற சுழலாத பாகத்தின் காடிகளில் செருகுகிறார்கள். உருண்டைக் கம்பிகளுக்கு நடுவே வீணாகும் சந்துகள் இதில் இல்லை, அதே இடத்தில் அதிகச் செம்பு அடைகிறது. ஆனால் செருகிய ஒவ்வொரு நுனியையும் பக்கத்து நுனியோடு வெல்டிங் செய்ய வேண்டும். 48 காடிகள், காடிக்கு 6 அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 144 ஊசிகள், 288 நுனிகள்! ஒரே ஒரு நுனியில் எனாமல் துணுக்கு மிஞ்சினாலும், வெல்டிங் சூட்டில் அது வாயுவாகி உருகிய செம்புக்குள் குமிழ் விடும், இணைப்பு பொள்ளலாகிப் போகும். இயந்திரக் கத்தியால் சீவினால் செம்பும் கொஞ்சம் போகும். அதனால்தான் தொழிற்சாலைகள் லேசரை நாடுகின்றன.

ரசாயனத்தால் கரைக்கும் வழியும் நெடுங்காலமாக இருக்கிறது. மெத்திலீன் குளோரைடு கலந்த கரைசல்கள், உருகிய காரக் குளியல்கள் எல்லாம் இதற்குப் பயன்பட்டவையே. மெத்திலீன் குளோரைடின் ஆவி உயிரையே பறிக்கக்கூடியது. அதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்கு அமெரிக்கா 2024-ல் தடை விதித்தது. தாமதமான முடிவு என்றே சொல்வேன்.

உங்கள் இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடிக்குக் கீழே என்ன இருக்கிறது தெரியுமா? பருமனான ஒற்றைக் கம்பி அல்ல, தனித்தனியே எனாமல் பூசிய எத்தனையோ மெல்லிய இழைகளை முறுக்கிய கயிறு! அடுப்பின் மின்சாரம் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறுகிறது. அந்த வேகத்தில் மின்சாரம் செம்பின் மேல்தோலில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில்தான் ஓடும், நடுச்செம்பு சும்மா கிடக்கும். மெல்லிய இழைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் முழுதாக வேலை செய்யும். சரி, இத்தனை இழைகளையும் நுனியில் ஒவ்வொன்றாக எப்படி உரிப்பது? உரிப்பதில்லை! பாலியூரித்தேன் எனாமல் பூசிய கயிறாக இருந்தால், ஏறத்தாழ 390 டிகிரி சூட்டில் உருகிய வெள்ளீயத்தில் நுனியை முக்குகிறார்கள். பூச்சு சிதைந்து போய்விடுகிறது, வெள்ளீயம் எல்லா இழைகளையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. அந்தப் புகையில் ஐசோசயனேட் என்ற பொருள் உண்டு, ஆஸ்துமாவையே வரவழைக்கும். முக்கும் பாத்திரத்துக்கு மேல் புகை உறிஞ்சும் குழாய் இல்லாத பட்டறையில் யாரும் இந்த வேலையைச் செய்யக்கூடாது, செய்ய வைக்கவும் கூடாது.

கோவைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கம்பியும் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டார்களில் ஒரு வகைக்கு உள்ளேயே தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். ஆம், காயில் தண்ணீரிலேயே மூழ்கிக் கிடக்கும்! அதனால் அந்தக் கம்பிக்குப் பிளாஸ்டிக் படலத்தை மேலுக்கு மேல் சுற்றுகிறார்கள். நுனியை உரித்து, இணைத்து, மறுபடி நீர் புகாமல் மூடும் இடத்தில்தான் கைத்திறன் தெரியும்.

கடைசியாக, நம் வீட்டு மிக்ஸி. அதன் சுழலும் பாகமான ஆர்மேச்சரில் கம்பி நுனிகள், கம்யூட்டேட்டர் என்ற செம்புப் பட்டை வளையத்தின் சின்னச் சின்னக் கொக்கிகளில் மாட்டியிருக்கும். அங்கே பெரும்பாலும் கத்தியும் இல்லை, லேசரும் இல்லை, ஈயமும் இல்லை! டங்ஸ்டன் மின்முனை ஒன்று கொக்கியை அழுத்திப் பிடித்துப் பெரும் மின்சாரத்தைப் பாய்ச்சுகிறது. கொக்கி பழுக்கச் சூடாகிறது, எனாமல் எரிந்து வெளியேறுகிறது, செம்பும் செம்பும் அழுத்தத்தில் ஒன்றாக இறுகுகின்றன. உரித்தலும் இணைத்தலும் ஒரே அழுத்தத்தில், கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகின்றன.