எழுத்தில் குரல் இல்லை: தன்னார்வ மென்பொருட் குழுக்களும் உரையாடல் நெறியும்

தாமிரபரணிக் கரையில் வளர்ந்தோர்க்கு ‘ஏலே’ என்னும் விளி புதிதன்று. மேலப்பாளையத்துத் தேநீர்க் கடையிலும் குறுக்குத்துறைப் படித்துறையிலும் அது நட்பையே உணர்த்தும். சொல்பவரின் முகமும் குரலும் அதற்குச் சான்று நிற்கின்றன. அதே சொல்லை யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ உள்ள முன்பின் அறியாத ஒருவர்க்கு எழுதி அனுப்பினால் வசையாகவே சென்று சேரும். ஊதியம் பெறாமல், ஒருவரையொருவர் காணாமல், எழுத்தின் வழியாகவே கூடி மென்பொருள் ஆக்கும் தன்னார்வக் குழுக்களுக்கு உரையாடல் நெறி வேண்டியிருப்பதற்கு முதற்காரணம் இதுவே.

கற்றோர் கூடும் இடத்தில் விதி எதற்கு என்பாரும் உளர். அவர்களுக்கு லினக்ஸ் வரலாறு விடை கூறும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அப்பணியில் ஆயிரக்கணக்கானோர் பங்கேற்றனர். குறையுள்ள நிரலை அனுப்பியோரை அவர் கடுஞ்சொற்களால் சாடியதும் பலரறிந்ததே. தரம் வேண்டின் கடுமை வேண்டும் என்பது அந்நாளில் கூறப்பட்ட சமாதானம். 2015இல் சிறு நெறியொன்று வெளிவந்தது. கண்டனம் வரும், எதிர்பார்த்திருங்கள் என்னும் போக்கிலேயே அது பெரிதும் அமைந்தது. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தம் நடத்தைக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கோரிச் சிறிது காலம் ஒதுங்கினார். விரிவான புதிய நெறியும் அப்போதே ஏற்கப்பட்டது. நிரலின் குறையைச் சுட்டுவது வேறு, நிரலாளரை இகழ்வது வேறு என்பதை ஒப்புக்கொள்ள அக்குழுவுக்கு இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

டெபியன் குழுவினர் 2014இல் வாக்கெடுத்துத் தம் நெறியை ஏற்றனர். பிறர் நல்லெண்ணத்துடனேயே எழுதினார் எனக் கொள்ளுதல், சுருங்கச் சொல்லுதல் ஆகியனவும் அதில் உள. சுருங்கச் சொல்லுதலும் மரியாதையோ எனில், ஆம். ஒருவர் எழுதியதைப் பலநூறு பேர் படிக்க வேண்டியிருக்கிறதே! நல்லெண்ணம் கொள்ளுதல் நம் பகுதி மாணவர்க்குப் பெரிதும் உதவும். பாளையங்கோட்டையில் தமிழ்வழியில் பயின்ற ஒருவரின் ஆங்கில வாக்கியம் கட்டளைபோல் ஒலிக்கலாம். அது செருக்கன்று; அவர் அறிந்த வாக்கியம் அவ்வளவே.

தமிழ்க் குழுக்களில் நமக்கு நெருக்கமான சிக்கல் ஒன்றுண்டு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்த எழுத்துகள் பற்றி நீண்ட வாதங்கள் நிகழ்ந்துள்ளன. ‘ஹமீது’ என்பவரை ‘அமீது’ எனத் திருத்துவோர்க்கு அது மொழிக்கொள்கை. பெயருக்குரியவர்க்கோ அது தம்மையே திருத்துவதாகப் படுகிறது. இதில் நம் முன்னோர் ஒரே வழியில் சென்றாரல்லர். அரபுத்தமிழ் எழுதியோர் தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளியிட்டுப் புதுவடிவங்கள் ஆக்கினர். அன்றைய நெல்லைச் சீமையின் எட்டயபுரத்தில் அடங்கியுள்ள உமறுப் புலவரோ ‘ஸீரத்’ என்னும் அரபுச் சொல்லைச் ‘சீறா’ எனத் தமிழ்ப்படுத்தித் தம் காப்பியத்துக்குச் சூட்டினார். இருவழியும் நம்முடையனவே. ஆகவே, கட்டுரைத் தலைப்பில் எவ்வெழுத்து வரவேண்டும் என்பதைக் குழு விவாதித்து முடிவு செய்யட்டும். உடன் உழைப்பவரின் பெயரை எப்படி எழுதுவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். இவ்வொரு வரி நெறியில் இருந்தால் பல மனக்கசப்புகள் எழமாட்டா என்பது நம் கருத்து.

நெறி எழுதுவது எளிது. மீறியவர் குழுவின் மூத்தவராயின் முறையீட்டைக் கேட்பவர் யார் என்பதே கடினமான வினா. விக்கிமீடியா நிறுவனம் 2020இல் அனைத்துத் திட்டங்களுக்கும் பொதுவான நடத்தை நெறியை ஏற்ற பின்னர், அதை நடைமுறைப்படுத்தும் விதிகளுக்காக மேலும் சில ஆண்டுகள் உழைக்க நேர்ந்தது. ஊதியமில்லாப் பணியில் புண்பட்டவர் பெரும்பாலும் முறையிடுவதில்லை, சொல்லாமலே விலகிவிடுகிறார். அவர் போனது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

நெல்லைக் கல்லூரி மாணவர் சிலர் கூடி இத்தகைய குழுவொன்றைத் தொடங்குவாராயின், முதல்நாளே முறையீடு கேட்க இருவர் பெயரை எழுதிவைக்கட்டும். அவருள் ஒருவரேனும் குழுவைத் தொடங்கியவராக இல்லாதிருத்தல் நன்று. ‘ஏலே’யை அவர்கள் கைவிட வேண்டியதில்லை, படித்துறையில் அது என்றும் இனிக்கும்.