மடிக்கணினியில் ஓடிய நிரல் மீக்கணினியில் ஏன் நிற்கிறது?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022-இல் பரம் பிரவேகா மீக்கணினி நிறுவப்பட்டது. தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ் வந்த இதன் உச்சத் திறன் 3.3 பெட்டாஃப்ளாப். இப்படிப்பட்ட பொதுக் கணினிக்கு, தன் மடிக்கணினியில் சரியாக ஓடிய ஒரு பைத்தான் நிரலை அனுப்பும் ஆய்வு மாணவருக்குப் பல நேரம் முதலில் வந்து சேருவது பிழைச்செய்திதான்.

நிரலில் தவறு இருக்காது. ஐம்பது வரி நிரலுக்கு அடியில் நம்பை போன்ற நூலகங்கள், அவற்றுக்கு அடியில் பைத்தான், அதற்கும் கீழே லினக்ஸின் சி நூலகம், கடைசியில் இயங்குதளத்தின் கருவான கெர்னல் என்று அடுக்கடுக்காக இருக்கின்றன. நிரல் மட்டும் பயணம் போகிறது. அடுக்குகள் மடிக்கணினியிலேயே தங்கிவிடுகின்றன. அங்கே போய் வேண்டியதை நிறுவிக்கொள்ளலாம் என்றால் நிர்வாகி அனுமதி கிடையாது. அது நியாயமும்கூட: ஒருவர் நூலகத்தைப் புதுப்பித்தால் இன்னொருவரின் பல நாள் கணக்கு நின்றுபோகலாம்.

ஆகவே ஒவ்வொருவரும் தன் பயனர் கணக்குக்குள்ளேயே தனிச்சூழல் அமைத்துக்கொள்கிறார்கள். எளிய வழி வென்வ். 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல் இது பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. ஒரு கோப்புறைக்குள் அந்த வேலைக்கான நூலகங்கள் மட்டும் அடங்கும். அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வேறு கணினிக்குக் கொண்டுபோனால் வேலை செய்யாது; பழைய கணினியின் முழுப் பாதைகள் அதனுள் எழுதப்பட்டிருக்கும். கொண்டுபோக வேண்டியது நூலகப் பட்டியலை. போன இடத்தில் அதை வைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும்.

பட்டியலில் பதிப்பு எண் கட்டாயம் வேண்டும். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது, வெறுமனே ‘நம்பை’ என்று எழுதியிருந்த பட்டியல்கள் புதியதை இழுத்துவந்தன. பழைய பதிப்புக்காகக் கட்டப்பட்ட பல நூலகங்கள் முறிந்தன. ‘1.26.4’ என்று எழுதியிருந்தவர்களுக்குத் தொல்லையில்லை. என்னைக் கேட்டால், பெரும்பாலோருக்கு இந்த ஒழுங்கே போதும். எடுத்த எடுப்பிலேயே, முழுச் சூழலையும் பொதிந்து வைக்கும் கண்டெய்னருக்குப் போக வேண்டியதில்லை.

வென்வின் கை சி நூலகம்வரை நீளாது. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வகையில் இருப்பது ஜிலிப்சி எனும் சி நூலகத்தின் 2.17 பதிப்பு, உபுண்டு 22.04-இல் 2.35. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் பெரும்பாலும் ஓடாது. கண்டெய்னர் தேவைப்படுவது இங்கேதான். அது சி நூலகம் உட்பட எல்லாவற்றையும் பொதிந்து எடுத்துச் செல்கிறது. ஒரு நிரலின் பார்வையைக் குறிப்பிட்ட கோப்புறைக்குள் அடைக்கும் சிஎச்ரூட் 1979-இலேயே யூனிக்ஸில் இருந்தது. கண்டெய்னரைப் பரவலாக்கியது 2013-இல் வெளியான டாக்கர். ஆனால் டாக்கரின் பின்னணிச் சேவை வழக்கமாக நிர்வாகி உரிமையோடு இயங்குவதால், பலர் பகிரும் மீக்கணினிகளில் அதை அனுமதிக்கத் தயங்குவார்கள். அங்கே பயன்படுவது அப்டெய்னர். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் சிங்குலாரிட்டி என்ற பெயரில் பிறந்தது. பயனருக்கு உள்ள உரிமையோடு மட்டும் ஓடும். முழுச் சூழலும் ஒரே கோப்பு.

கண்டெய்னராலும் மாற்ற முடியாதவை உண்டு. கெர்னல் அந்தக் கணினியுடையது. செயலியும் அப்படியே: ஆப்பிள் எம்1 மடிக்கணினியில் கட்டிய கண்டெய்னர், வேறாகச் சொல்லாதவரை, ஆர்ம் வகையில்தான் உருவாகும்; பிரவேகாவின் இன்டெல் சியான் செயலிகளில் அது ஓடாது. கட்டும்போதே இலக்குச் செயலியைக் குறிப்பிட வேண்டும்.

வரைகலைச் செயலியில் இன்னும் கவனம் தேவை. அதன் டிரைவர் வெளியே கணினியில் இருக்கும். அதில் கணக்கிட உதவும் என்விடியாவின் கூடா நூலகம் கண்டெய்னருக்குள் இருக்கும். இரண்டும் பொருந்தியாக வேண்டும். பிரவேகாவில் இருப்பவை என்விடியா வி100. 2025-இல் வந்த கூடா 13 அந்தத் தலைமுறைக்கான ஆதரவைக் கைவிட்டுவிட்டது. அங்கே வேலை அனுப்புகிறவர் கூடா 12-ஐயோ அதற்கு முந்தைய பொருந்தும் பதிப்பையோ வைத்துத்தான் கண்டெய்னரைக் கட்ட வேண்டும்.