300 கேபிக்குள் ஒரு பழைய பத்திரம்

ஆந்திரத்து வரதய்யபாளையம் பக்கத்தில் ஒரு வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மூன்று மாவட்டங்களின் காகிதங்கள் கிடைக்கக்கூடும். அடுத்துள்ள சத்தியவேடு வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை சென்னை மாநிலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எல்லைச் சீரமைப்பில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. 2022 ஏப்ரல் 4 முதல் இந்தப் பக்கமெல்லாம் திருப்பதி மாவட்டம். தாத்தாவின் நிலப் பத்திரம் தமிழில் இருக்கும், பட்டாதார் பாஸ்புக் தெலுங்கில் இருக்கும், பேத்தியின் மதிப்பெண் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். இந்தக் காகிதங்கள் எல்லாமே இன்று ஒரே குறுகிய வாசலில்தான் நுழைந்தாக வேண்டும்: கோப்பு இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்ற ஒற்றை வரி. அந்த வாசலில் நுழைவதற்காகக் கோப்பைச் சுருக்குவதை யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தி முடிக்கும் சில்லறை வேலை என்று நினைக்கிறோம். ஆனால் சுருக்கும்போது எதையாவது தூக்கி எறிந்தே ஆக வேண்டும். எதை எறிவது என்ற முடிவு, அந்தக் காகிதத்தில் இருப்பது என்னவென்று தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அரசாங்கக் காரியங்கள் கணினிக்கு மாறிய கதையில் இந்தப் பகுதிக்குத் தனி இடம் உண்டு. சான்றிதழ்களைக் கணினி வழியே தரும் அரசுச் சேவையான மீசேவா 2011 நவம்பரில் முதலில் தொடங்கப்பட்டது சித்தூர் மாவட்டத்தில்தான். 2019 அக்டோபர் 2 முதல் ஊரிலேயே அரசுச் சேவை தரும் கிராம சச்சிவாலயங்கள் வந்தன. 2025 ஜனவரி 30 அன்று 'மன மித்ரா' என்ற பெயரில் வாட்ஸ்அப் வழியாகவே அரசுச் சேவைகள் தொடங்கின. ஒரு சான்றிதழுக்காக மண்டல அலுவலகத்துக்கு நாலு நடை நடந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய விடுதலை. அதே மாற்றத்தில் இன்னொன்றும் கை மாறியது. முன்பு அசல் காகிதத்தை அதிகாரி கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இப்போது அவர் பார்ப்பது நாம் அனுப்பும் படத்தை. அந்தப் படத்தில் சர்வே எண் மங்கியிருந்தால் அவருக்கு அந்த எண் இல்லவே இல்லை.

கோப்பு ஏன் கனக்கிறது? அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட பி.டி.எஃப். வடிவம் ஒரு பெட்டி மாதிரி. அதற்குள் எழுத்தை எழுத்தாகவும் வைக்கலாம், படமாகவும் வைக்கலாம். எழுத்தாக வைத்தால் ஒரு பக்கம் சில கேபிதான். ஸ்கேன் செய்ததோ எழுத்தல்ல, முழுக்க முழுக்கப் புள்ளிகளால் ஆன படம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் 2480 பெருக்கல் 3508, சுமார் 87 லட்சம் புள்ளிகள். வண்ணத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட், ஆக 26 எம்பி. சாம்பல் நிறத்தில் எடுத்தால் 8.7 எம்பி. வெறும் கறுப்பு வெள்ளை என்றால் 1.1 எம்பிதான். 150 புள்ளிக்கு இறங்கினால் இவை எல்லாம் நாலில் ஒரு பங்காகும். சுருக்கும் முறை எதுவும் கை வைப்பதற்கு முன்பே, ஸ்கேனரில் நாம் தேர்ந்தெடுக்கும் இரண்டு அமைப்புகள் கனத்தை ஏறத்தாழ நூறு மடங்குவரைகூட மாற்றிவிடுகின்றன. இதனால்தான், மீசேவா தரும் சான்றிதழ் பி.டி.எஃப். ஆகவே கையில் இருக்கும்போது அதை அச்செடுத்து, பிறகு அந்தத் தாளை ஸ்கேன் செய்து அனுப்புவது வீண் வேலை. எழுத்தாக இருந்ததைப் படமாக்கிக் கனமும் கூட்டி, தெளிவும் குறைத்து அனுப்புகிறோம்.

அடுத்து வருவது சுருக்கும் முறை. இதன் அடிப்படை எளிது: ஒரே மாதிரி இருப்பதைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை. வெள்ளையான இடம் பரந்து கிடந்தால் "இங்கிருந்து அங்குவரை வெள்ளை" என்று ஒரு குறிப்போடு முடிந்துவிடும். கைப்பேசியில் எடுத்த படத்திலோ ஒரு பக்கம் கை நிழல் விழுந்திருக்கும், தாளின் மடிப்பு தெரியும், ஓரத்தில் மேசையின் மரக்கோடுகள் எட்டிப் பார்க்கும். இவற்றில் எதுவும் ஒரே மாதிரி இல்லாததால் எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். கோப்பின் கனத்தில் பெரும்பங்கு பத்திரத்தின் எழுத்துக்குப் போவதில்லை, நிழலுக்கும் மேசைக்கும்தான் போகிறது. ஓரத்தை வெட்டி, பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் எடுத்து, பின்னணியை வெளுக்க வைத்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும். எழுத்தைத் தொடவே வேண்டியிருக்காது. ஆனால் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கிவிடு என்ற அறிவுரை முத்திரைத்தாளுக்குப் பொருந்தாது. அதன் பின்னணிக் கோலங்கள் ஆயிரம் கறுப்புத் துகள்களாக மாறி எழுத்தை மூடும், அளவும் கூடும். மங்கிய பழைய மசி வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விடும். பச்சை மசிக் கையெழுத்தும் ஊதா முத்திரையும் தங்கள் அடையாளத்தை இழக்கும். அறுபது வருடத்துப் பத்திரத்தைச் சாம்பல் நிறத்தில் 150 அல்லது 200 புள்ளியில் எடுப்பதே நல்லது. நேற்று அச்சான வெள்ளைத் தாளுக்குத்தான் கறுப்பு வெள்ளை. இந்த வித்தியாசம் பொத்தானுக்குத் தெரியாது, பத்திரத்தைப் படிக்கிறவருக்குத் தெரியும். தமிழில் ஒரு புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய் ஆகிவிடுகிறது. தெலுங்கிலும் எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சிறு புள்ளி எழுத்தையே மாற்றும். பெயர் பொருந்தவில்லை என்று மனு திரும்ப இவ்வளவே போதும்.

மங்கினால் பார்த்தாலே தெரிந்துவிடுமே, அப்போது மறுபடி எடுத்தால் போயிற்று என்பார்கள். எப்போதும் தெரியாது. நகலெடுப்பதற்கே நம் ஊரில் பெயராகிவிட்ட ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரங்களில் 2013இல் நடந்தது இதற்குச் சான்று. டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியாளர் ஒரு கட்டட வரைபடத்தின் ஸ்கேனில் அறைகளின் பரப்பளவுகள் மாறியிருப்பதைக் கண்டார். அசலில் 21.11 சதுர மீட்டர் என்று இருந்தது நகலில் 14.13 ஆகியிருந்தது. எண் மங்கவில்லை, பளிச்சென்று தவறாக இருந்தது. ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை, ஒன்றுபோலத் தோன்றும் சிறு துண்டுகளை ஒரே துண்டாகக் கருதி ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஒட்டியதே காரணம். நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தியது. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் 2015இல், அசலுக்கு மாற்றாக வைக்கும் ஸ்கேன்களுக்கு இந்த முறை வேண்டாம் என்றது. எல்லாச் சுருக்கமும் இப்படிச் செய்வதில்லை. வழக்கமான ஜேபெக் முறை எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியச் செய்யுமே தவிர 6ஐ 8 ஆக்காது. இருந்தாலும், சுருக்கிய பிறகு அசலைப் பக்கத்தில் வைத்து சர்வே எண்ணையும் தேதியையும் பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பது அளவுக்கு மீறிய எச்சரிக்கை ஆகாது.

இவ்வளவு தொல்லைக்கும் வரம்புதானே காரணம், கணினிச் சேமிப்பிடம் மலிந்த காலத்தில் அது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. உதாரணமாக, வங்கித் தேர்வுகளுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் கையெழுத்துக்கு 10 முதல் 20 கேபி, புகைப்படத்துக்கு 20 முதல் 50 கேபி. பத்து லட்சம் பேர் ஆளுக்கு ஐந்து ஆவணங்களை 4 எம்பி வீதம் அனுப்பினால் 20 டெராபைட், 300 கேபி வீதம் என்றால் ஒன்றரை டெராபைட். கடைசி நாள் நெரிசலையும், கிராமத்தில் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கும் சிக்னலையும் சேர்த்துப் பார்த்தால் வரம்பு இருப்பதைக் குற்றம் சொல்ல முடியாது. பக்க எண்ணிக்கையைப் பார்க்காமல் போடும் வரம்புதான் தவறு. ஒரு பக்கச் சாதிச் சான்றிதழுக்கும் பன்னிரண்டு பக்கக் கிரயப் பத்திரத்துக்கும் ஒரே 300 கேபி என்றால் பத்திரத்தின் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது 25 கேபி. அதில் பழைய கையெழுத்து பிழைக்காது. பக்கத்துக்கு இத்தனை கேபி என்று விதித்தாலே இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். டிஜிலாக்கர் வந்துவிட்டதே என்பதும் பாதி பதில்தான். 2015இல் தொடங்கிய அந்தப் பெட்டியில் துறைகளே வழங்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமம் என்று 2017இல் விதி வந்தது உண்மை. ஆனால் கணினி வருமுன் எழுதிய செங்கல்பட்டுக் காலத்துப் பத்திரம் அதற்குள் தானாக வந்து சேராது.

ஸ்கேன் எடுக்கும் கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விடுவதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. அவசரத்தில் திறக்கும் இலவசச் சுருக்கும் தளங்கள் பலவற்றில் கோப்பு முதலில் யாருடைய கணினிக்கோ போய்த்தான் திரும்புகிறது. நிலப் பத்திரத்தையும் ஆதாரையும் அப்படி அனுப்பத் தேவையில்லை. காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலேயே, பி.டி.எஃப். ஆக ஏற்றுமதி செய்யும் இடத்தில் படத்தின் தரத்தையும் புள்ளி அளவையும் நாமே குறைக்கலாம், கோப்பு நம் கணினியை விட்டு நகராது. டிஜிட்டல் கையொப்பம் உள்ள ஈ-ஆதார் போன்ற கோப்பைச் சுருக்கவே கூடாது. சுருக்கும் மென்பொருள் கோப்பைத் திருத்தி எழுதுவதால் கையொப்பம் செல்லாமல் போகும். பெரிய அளவில் எடுத்த முதல் ஸ்கேனை அழிக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும். இன்று 300 கேபி கேட்ட அலுவலகத்துக்கு அடுத்து இன்னொன்று 200 கேட்கும். சுருக்கியதையே மறுபடி சுருக்கினால் தேய்ந்த நாணயம் மேலும் தேய்வது போல எழுத்து கரையும். ஒவ்வொரு முறையும் முதல் ஸ்கேனிலிருந்தே தொடங்கினால், பத்தாவது விண்ணப்பத்துக்குப் போகும் நகலிலும் தாத்தாவின் கையெழுத்து முதல் நகலில் இருந்த அளவுக்குத் தெரியும்.